நன்றிப் பூசை

இதில இருங்கோ பிள்ளை, யன்னல் பக்கம் நீங்களே இருங்கோ. எனக்கு வெளிய பாத்தா தலை சுத்தும். சிரிக்காதேங்கோ. யாழ்ப்பாணத்தில குருநகர் எண்டு ஒரு இடம், கடற்கரைதான் எங்கட முத்தம். அப்பர், பேரன் எல்லாரும் கடல் தொழில். அப்பிடி இருந்த எனக்குக் கப்பலில தலை சுத்துது எண்டா ஆர் நம்புவினம்? ஆனா கடலுக்குப் போறது ஆம்பிளையள்தானே. நாங்கள் கரையில நிண்டு கூடை வாங்கிறதோட சரி.

நீங்கள் போனில தமிழ் கதைச்சதைக் கேட்டுப்போட்டுத்தான் வந்தனான். சென்னையோ? என்ர தமிழ் விளங்குதோ? விளங்காட்டிக் கேளுங்கோ, திருப்பிச் சொல்லுறன்.

எனக்கு விடுமுறையோ? எனக்கோ? நல்லாக் கேட்டியள். நான் பலெர்மோவில வீடு துடைக்கிறனான், இத்தாலிக்கு வந்து இருபது வருசத்துக்கு மேலாப் போச்சு. ஞாயிற்றுக்கிழமையில விடிய எழும்பிச் சமைச்சு, பஸ் பிடிச்சு, பேந்து இந்தக் கப்பல். இந்தப் பைக்குள்ள இருக்கிறது இறால் பொரியல், கத்தரிக்காய்க் குழம்பு, பிட்டு. மகள் அங்க வேலை. ஜொவிற்றா எண்டு பேர். ஒரே பிள்ளை.

என்ன வேலை எண்டு கேட்டா எங்கட ஆக்களுக்கு விளங்கப்படுத்த ஏலாது. இப்ப நாங்கள் போற இந்தச் சின்னத் தீவைச் சுத்திக் கிடக்கிற கடல் முழுக்க அரசாங்கம் காப்பாத்தி வைச்சிருக்கிற கடல். றிசேர்வா எண்டு சொல்லுவினம். அதுக்க மீன் பிடிக்கேலாது, நங்கூரம் போடேலாது, ஒரு சிப்பியைக்கூட எடுத்துக்கொண்டு போகேலாது. கயாக் எண்டு ஒடுங்கின வள்ளம் இருக்கெல்லோ, அதில வெள்ளைக்காரரை ஏத்தி, தானும் ஒண்டில ஏறி, மலை ஓரமாக் கூட்டிக்கொண்டு போய்க் கடலைக் காட்டுறது. அதுதான் வேலை. கடலைக் காட்டுறதுக்கு ஒரு ஆள்! இவர், என்ர மனுசன், கேட்டார்: "நாங்கள் கடலை விட்டு ஓடி வந்தனாங்கள். இவள் யூனிவசிற்றியில படிச்சுப்போட்டுக் கடலுக்குப் போறாளோ?" எண்டு.

நான் பகிடிக்குச் சொல்லேல்லை. எங்களுக்குக் கடல் எண்டா தொழில், விளையாட்டில்லை. எங்கட ஊரில முந்தி ஆமை பிடிச்சாக் கறி வைப்பினம். இங்க வந்து பாத்தா ஆமைக்கு ஆஸ்பத்திரி! உண்மையாத்தான். ஒரு ஆமைக்குக் கால் காயம் எண்டு மருந்து கட்டி, தொட்டிக்க விட்டு வைச்சிருக்கினம். மகள் அதுக்குப் பக்கத்தில குந்தியிருந்து கதைக்கிறாள். என்னோட அவ்வளவு நேரம் கதைச்சதில்லை.

இப்பவும் கதைக்கிறாள்தான். "சாப்பிட்டனீங்களோ அம்மா? குளிருதோ அம்மா? பஸ் பிந்தினதோ அம்மா?" வீட்டுக்கு வந்த விருந்தாளியோட கதைக்கிற மாதிரி. போன வருசம் செத்தெம்பரில இருந்து அப்பிடித்தான்.

என்ன நடந்தது எண்டோ? அது பெரிய கதை பிள்ளை. சரி, கப்பல் போய்ச் சேர நேரம் கிடக்கு.

போன செத்தெம்பர். சீசன் முடியிற நேரம். எனக்கு அந்தக் கிழமை முழுக்க மனம் சரியில்லை. பிள்ளையைக் கூப்பிடு, பிள்ளையைக் கூப்பிடு எண்டு உள்ளுக்க ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. தாய் மனம் எண்டுறது அப்பிடித்தான், உங்களுக்கும் ஒரு காலத்தில விளங்கும். மாதா கோயிலில எமில்டா எண்டு ஒராள், அவ தன்ர போனில ஒரு வீடியோ காட்டினா. "இது உம்மட மகள்தானே?" எண்டு. பாத்தா, மலையில ஒரு ஓட்டை, அதுக்குள்ளால கடல் போகுது, என்ர பிள்ளை அந்த வள்ளத்தில சிரிச்சுக்கொண்டு நுழைஞ்சு வெளியால வாறாள். உடுப்பு நனைஞ்சு உடம்போட ஒட்டிக்கொண்டு கிடக்கு. எமில்டா ஒண்டும் சொல்லேல்லை. சொல்லாம விட்டதுதான் எனக்குக் குத்திச்சுது.

அந்தக் கிழமைதான் பாரிசில இருந்து ஆக்கள் வாறதாயும் இருந்தது. ஓம், சொல்லத்தானே வேணும். பெடியன் அங்க வங்கியில வேலை, தாய் தேப்பன் எங்கட பங்குக் கோயில் ஆக்கள், நல்ல குடும்பம். சும்மா ரோம் பாக்க வாறம், அப்பிடியே பலெர்மோவுக்கும் வந்து பிள்ளையைப் பாத்திட்டுப் போறம் எண்டு சொல்லியிருந்திச்சினம். சனிக்கிழமை பின்னேரம். ஆனா நான் அவளைக் கூப்பிட்டது அதுக்காக மட்டுமில்லை. மனம் சரியில்லை எண்டு சொன்னன்தானே. அதையும் நீங்கள் யோசிக்க வேணும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவளுக்குப் போன் எடுத்தன். "நாளைக்கு வா பிள்ளை, ஒரு நாள்தானே" எண்டன்.

"அம்மா, நாளைக்கு என்னட்ட ஒரு குறூப் இருக்கு. கன நாளைக்கு முன்னமே ஒத்துக்கொண்டது. என்னால விட ஏலாது."

"வேற ஆரும் கூட்டிக்கொண்டு போகாயினமோ?"

"கடல் ஒழுங்கில்லாத கிழமை அம்மா. நான்தான் போக வேணும்."

பாருங்கோ, அவளே சொல்லுறாள், கடல் ஒழுங்கில்லை எண்டு. பேந்து நான் எப்பிடி விடுறது? அப்பத்தான் என்ர வாயில அது வந்தது. நான் யோசிச்சுச் சொல்லேல்லை, மாதா அறிய. வந்திட்டுது. "அப்பாவுக்கு நெஞ்சுக்க நோகுதாம் பிள்ளை. ஆஸ்பத்திரியில வைச்சிருக்கினம்."

பேந்து சின்னக் குரலில கேட்டாள், "அம்மா, உண்மையாவோ?"

"மாதாவாண" எண்டு சத்தியம் பண்ணினன்.

இவர் அப்ப பக்கத்து அறையில இருந்து வொலிபோல் மச் பாத்துக்கொண்டிருக்கிறார். நான் கதவைச் சாத்திப்போட்டு நிண்டு கதைச்சனான். அந்தக் கதவை ஏன் சாத்தினனான் எண்டு பேந்து கன தரம் யோசிச்சிருக்கிறன். வாயில தானா வந்தது எண்டா, கதவு ஆர் சாத்தினது? சரி, விடுங்கோ.

அவள் விடியக் கப்பலில வெளிக்கிட்டிட்டாள். குறூப்பை லில்லோ எண்ட பெடியனிட்டக் குடுத்திட்டு வந்தவள். இந்தத் தீவுப் பெடியன்தான். அவனும் அவளோட ஒண்டா வேலை செய்யிறவன், ஆனா அவன்ர வேலை மலை. இந்தத் தீவில செங்குத்தான பாறை கனக்க இருக்கு, கயிறு கட்டி ஏறுறதுக்கெண்டு உலகத்தில எங்கெங்கயோ இருந்து வருவினம். லில்லோ அந்த ஆக்களை ஏத்தி இறக்கிறவன். பல்லி மாதிரி ஏறுவானாம். கயாக்கும் ஓட்டுவான்தான், ஏன், இந்தத் தீவில ஆர் ஓட்டாயினம்? ஜொவிற்றா அவனுக்குச் சொல்லிப்போட்டு வந்தவளாம்: "மலை முனையில நிண்டு பார். அங்கால தண்ணி கறுத்துக் கிடந்தா திரும்பிவிடு. ஆர் என்ன சொன்னாலும் திரும்பு."

வீட்டுக்கு வந்து ஏறேக்க மத்தியானம். தலைமயிர் உப்புப் பிடிச்சுக் கிடக்கு, காலில றப்பர் செருப்பு, ஓட்டமா ஓடி வந்தவள். கதவைத் திறந்தா, இவர் மேசையில இருந்து பிட்டும் மீன் குழம்பும் சாப்பிடுறார். "என்னடி பிள்ளை, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிறாய்?" எண்டு சந்தோசமாக் கேட்டார், பாவம் மனுசன்.

அவள் கத்தேல்லை. கத்தியிருந்தா நல்லம். தேப்பனுக்குக் கிட்டப் போய், அவரின்ர நெஞ்சில கையை வைச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் நிண்டாள். பேந்து குசினிக்க வந்து என்னைப் பாத்தாள். வடை சுடுறதுக்கு மா குழைச்சு வைச்சிருந்தன், புதுச் சீலை மடிச்சு வைச்சிருந்தன். எல்லாத்தையும் பாத்தாள். "ஆர் வருகினம்?" எண்டாள். நான் சொன்னன். "சரி" எண்டாள். அவ்வளவும்தான். தண்ணி குடிச்சுப்போட்டு யன்னலடியில போய் நிண்டு போனில எதையோ பாத்தாள். காத்துப் பாக்கிறாளாம். அதில கீறு கீறாக் காட்டும், எங்கால இருந்து வருது, எவ்வளவு வேகம் எண்டு. பாத்த முகம் ஒரு மாதிரிப் போச்சு. லில்லோவுக்கு எடுத்தாள். அவன் எடுக்கேல்லை. திருப்பி எடுத்தாள். திருப்பித் திருப்பி எடுத்தாள்.

"தண்ணிக்க நிப்பான் பிள்ளை, எப்பிடி எடுக்கிறது? போய் முகத்தைக் கழுவு" எண்டு நான் சொன்னன்.

பாரிஸ் ஆக்கள் வந்திச்சினம். நல்ல மனிசர். அவள் சீலை கட்டேல்லை, வந்த உடுப்போடயே வந்து இருந்தாள், அதுக்கும் அவை ஒண்டும் சொல்லேல்லை. பெடியன்ர தாய் வடையை எடுத்து வாயில வைக்கேக்க போன் அடிச்சுது. ஜொவிற்றா எழும்பி நிண்டு இத்தாலியனில கேட்டாள், "உயிரோட இருக்கிறானோ?" அந்தத் தாய்க்கு இத்தாலியன் தெரியாது. சிரிச்சுக்கொண்டு என்னைப் பாத்தா, பிள்ளை நல்லா இத்தாலியன் கதைக்கிறாள் எண்ட மாதிரி.

நடந்தது இதுதான். லில்லோ முனை வரைக்கும் போயிருக்கிறான். அதுவரைக்கும் கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்ததாம். முனைக்கு அங்கால ஒரு பெரிய குகை இருக்கு, எல்லாரும் அதைப் பாக்கத்தான் வாறது. வந்த ஆக்கள் ஆசைப்பட்டிச்சினம். அவன் நல்ல பெடியன், ஒருத்தருக்கும் இல்லை எண்டு சொல்லத் தெரியாது. போயிட்டான். வடமேல் பக்கத்தால காத்து இறங்கிச்சுது. ஒரு நெதர்லாந்துக்காரப் பொம்பிளையின்ர வள்ளம் பாறையடியில பிரண்டு போச்சு. இவன் குதிச்சு அவவைத் தூக்கி வள்ளத்தில தொங்க வைச்சுப்போட்டான். அடுத்த அலை இவனைக் கொண்டுபோய்ப் பாறையில அடிச்சுது. இடுப்பும் வலது காலும். ஹெலிகொப்ரர் வந்து தூக்கிக்கொண்டு போனது. மற்ற ஆக்களுக்கு ஒண்டுமில்லை.

மகள் அப்பவே வெளிக்கிட்டாள். இவர்தான் கார்ச் சாவியை எடுத்தார். ஜொவிற்றா அவருக்கு எல்லாத்தையும் காரில சொல்லிப்போட்டாள் போல. ஆஸ்பத்திரியில அவளை இறக்கிவிட்டு வந்து, செருப்பும் கழட்டாம நிண்டு என்னைக் கேட்டார், "றெஜினா, எனக்கு நெஞ்சு வருத்தம் எண்டோ சொன்னனீ?" நான் வடைத் தட்டை எடுத்து மூடினன். "எனக்கு எண்டோ சொன்னனீ?" எண்டு இன்னொருக்காக் கேட்டார். பேந்து அதைப் பற்றி இண்டை வரைக்கும் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. ஆனா சாப்பாட்டு மேசையில தன்னை அறியாம நெஞ்சைத் தடவுவார்.

இப்ப நீங்கள் சொல்லுங்கோ பிள்ளை. நான் அந்தப் பொய் சொல்லாட்டி அந்தப் பாறையடியில ஆர் நிண்டிருப்பாள்? என்ர பிள்ளை. அந்த அலை ஆரைக் கொண்டுபோய் அடிச்சிருக்கும்? என்ர பிள்ளையை. நான் அப்பிடித்தான் பாத்தன். மாதாதான் அந்தப் பொய்யை என்ர வாயில வைச்சவ எண்டு நினைச்சன். கோயிலில எல்லாரும் அப்பிடித்தான் சொல்லிச்சினம், எமில்டாகூட அழுதா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நன்றிப் பூசை ஒண்டு ஒப்புக்குடுத்தன். பாதர் பேர் சொல்லி வாசிச்சார், ஆபத்தில இருந்து காக்கப்பட்ட ஜொவிற்றாவுக்காக எண்டு.

ஆரோ அதைப் போனில எடுத்து அவளுக்கு அனுப்பிப்போட்டினம்.

எனக்குப் போன் எடுத்தாள். "நன்றிப் பூசையோ அம்மா? லில்லோவுக்கு இண்டைக்கு இரண்டாம் ஒப்பரேசன். நீங்கள் நன்றிப் பூசை வைச்சனீங்களோ?"

"நீ தப்பினதுக்குத்தானே பிள்ளை. அவனுக்காகவும் மன்றாடினனான்."

"நான் எதில இருந்து தப்பினனான்?"

"அந்த அலையில இருந்து."

"அம்மா, நான் நிண்டிருந்தா முனையில திரும்பியிருப்பன். ஒரு அலையும் இல்லை, ஒண்டும் இல்லை. எல்லாரும் வந்து மத்தியானம் சாப்பிட்டிருப்பினம்."

"அது உனக்கு எப்பிடித் தெரியும்? அலைக்கு ஆர் எண்டு தெரியுமே?"

"எனக்குத் தெரியும் அம்மா. அதுதான் என்ர வேலை. காத்து வரப்போகுது எண்டு எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். அதுதான் என்னால விட ஏலாது எண்டு சொன்னனான். நீங்கள் ஒருக்காலும் என்ன வேலை செய்யிறாய் எண்டு கேட்டதில்லை."

நான் விடேல்லை. எப்பிடி விடுறது? "நீயும் அந்த ஆக்கள் கேட்டாப் போயிருப்பாய்" எண்டு சொல்லிப்போட்டன். அவள் போனை வைச்சிட்டாள்.

நீங்கள் யோசிச்சுப் பாருங்கோ. அவள் சொல்லுறது சரி எண்டு நான் ஒத்துக்கொண்டா, அந்தப் பெடியன்ர காலுக்கு நான் என்ன பதில் சொல்லுறது? அவள் திரும்பியிருக்க மாட்டாள் எண்டு சொன்னாத்தான் எனக்கு நிக்க ஒரு இடம் இருக்கு. அவளுக்கு அது விளங்கேல்லை. இல்லை, விளங்கியும் இருக்கும். அவள் கெட்டிக்காரி.

கடுங்குளிர் தொடங்கேக்கதான் முதல் தரம் இங்க வந்தன். அவள் வீட்டுக்கு வரேல்லை, சீசன் முடிஞ்சும் இங்கயே நிண்டிட்டாள். காலமை ஆமை ஆஸ்பத்திரியில வேலை, பின்னேரம் லில்லோ வீட்டில. அவனைத் தூக்கி இருத்துறது, நடக்கப் பழக்கிறது. அவனுக்குத் தேப்பன் இல்லை. தாய் பீனா, துறைமுகத்துக்கு மேல பேக்கரி வைச்சுப் பாண் சுட்டு விக்கிறவ. நான் இறால் பொரிச்சு எடுத்துக்கொண்டு வந்தன். வெறுங்கையோட எந்த முகத்தோட போறது?

பீனா கதவைத் திறந்து என்னைக் கட்டிப் பிடிச்சா பாருங்கோ. மாவும் வேர்வையும் மணக்குது. "நீதான் ஜொவியின்ர தாயோ? உன்ர பிள்ளை அண்டைக்கு அங்க இல்லாமப் போனதுக்கு நான் கடவுளுக்கு நன்றி சொன்னனான். ரெண்டு பிள்ளையளும் படுத்திருந்தா ஆர் ஆரைப் பாக்கிறது?" எண்டு சொல்லிப்போட்டு, என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டா, "உன்ர மனுசன்ர நெஞ்சு இப்ப எப்பிடி?"

அவவுக்கு அப்பிடித்தான் சொல்லி இருந்தது. தேப்பனுக்கு நெஞ்சு வருத்தம் எண்டுதானே அவள் வெளிக்கிட்டவள்.

நான் மகளைப் பாத்தன். அவள் யன்னலுக்கால வெளிய பாத்துக்கொண்டு நிண்டாள். "பரவாயில்லை, மருந்து எடுக்கிறார்" எண்டன். அதில இருந்து ஒவ்வொரு ஞாயிறும் கேப்பா. நானும் சொல்லுவன். ஒருக்கா டொக்டர் நல்லம் எண்டவர், ஒருக்கா உப்புக் குறைக்கச் சொன்னவர். நத்தாருக்கு, உங்கட கிறிஸ்மஸ்தான், அவருக்கெண்டு உப்பில்லாத பாண் சுட்டுத் தந்துவிட்டா. இவர் அதைத் துண்டு துண்டா முழுக்கச் சாப்பிட்டு முடிச்சார்.

லில்லோவைப் பாக்கத்தான் எனக்குப் பயமா இருந்தது. ஆனா அவன் சிரிச்ச முகம். காலுக்க கம்பி, பக்கத்தில தடி. என்னை "மம்மா" எண்டுதான் கூப்பிடுவான். ஒருநாள் வெயில் காய வெளிய வாங்குப் பலகையில இருந்தனாங்கள், பீனா கடையில. அவன் சொன்னான், "மம்மா, ஜொவி எனக்கு எல்லாம் சொன்னவள். அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

எழும்பப் பாத்தன். அவன் கையைப் பிடிச்சு இருத்தினான். "கேளுங்கோ. அண்டைக்குக் காலமை என்ர அம்மாவும் எனக்கு எடுத்தவ. காத்து மாறப்போகுது, போகாத எண்டு சொன்னவ. உண்மையைத்தான் சொன்னவ, நான் கேக்கேல்லை. உங்களை மாதிரி ஒரு பொய் சொல்லியிருந்தாக் கேட்டிருப்பன். அப்ப ஆர் நல்ல தாய், சொல்லுங்கோ?" சொல்லிப்போட்டுச் சிரிச்சான்.

பிள்ளை, எனக்கு அண்டைக்கு எப்பிடி இருந்தது தெரியுமோ? தலையில இருந்து ஒரு மூட்டையை இறக்கின மாதிரி. திரும்பிப் போகேக்க எனக்குத் தலைகூடச் சுத்தேல்லை. பாத்தியோ, அவனே சொல்லிப்போட்டான் எண்டு நினைச்சன். தாய் சொல்லியும் போனவன், அது அவன்ர விதி. இவரிட்டையும் சொன்னன். இவர் கேட்டுப்போட்டு, "நல்ல பெடியன்" எண்டு மட்டும் சொன்னார்.

கன நாள் நிலைக்கேல்லை அது. தை மாதம் ஒரு ஞாயிறு, பீனாவுக்குச் சுகமில்லை. கடையைப் பூட்டிப்போட்டுப் படுத்திருந்தா. நான் மிளகுதண்ணி வைச்சுக் குடுத்தன். கட்டிலில இருந்து குடிச்சுக்கொண்டு திடீரெண்டு அழத் தொடங்கிட்டா. "றெஜினா, நான் உனக்கு ஒரு விசயம் சொல்ல வேணும். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அண்டைக்கு நான் இங்க இருக்கேல்லை. கப்பலேறித் திராப்பனி நகரத்துக்குக் கண் டொக்டரிட்டப் போனனான். கண்ணில மருந்து விட்டு ஒண்டும் தெரியேல்லை, அங்க வாங்கில கண்ணை மூடிக்கொண்டு இருந்தனான். இங்க நிண்டிருந்தா வாசல்லயே காத்து மாறுறது எனக்கு மணந்திருக்கும். போன் எடுத்து, போகாத எண்டு சொல்லியிருப்பன். என்ர பிள்ளை நான் சொன்னாக் கேப்பான். ஒருக்காலும் மீறினதில்லை. நான் எடுக்கேல்லை றெஜினா. ஒரு கண்ணாடிக்காகப் போய், நான் என்ர பிள்ளைக்குப் போன் எடுக்கேல்லை."

விளங்குதோ பிள்ளை உங்களுக்கு? அவ எடுக்கவே இல்லை. அவன் எனக்குப் பொய் சொல்லியிருக்கிறான். என்ர பாரம் குறையட்டும் எண்டு, கால் போன பெடியன் எனக்காக ஒரு பொய் கட்டியிருக்கிறான்.

நான் என்ன செய்திருக்க வேணும்? அந்த இடத்திலயே சொல்லியிருக்க வேணும். பீனா, உன்னில ஒரு பிழையும் இல்லை, நான்தான், என்ர மனுசனுக்கு ஒரு வருத்தமும் இல்லை, பாரிசில இருந்து ஆக்கள் வந்தவை எண்டு. வாய் திறந்தன். "அழாதேங்கோ, எல்லாம் கடவுளின்ர சித்தம்" எண்டு வந்தது. அவ என்ர மடியில தலையை வைச்சு அழுதா. நான் தலையைத் தடவிக்கொண்டு இருந்தன். நிமிந்து பாத்தா, அறை வாசலில ஜொவிற்றா. எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு நிண்டிருக்கிறாள்.

கப்பலடி வரைக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வழியில கேட்டன், "நான் பீனாவுக்குச் சொல்லிவிடட்டோ பிள்ளை? சொன்னா அவவுக்குத் தன்னில பிழை இல்லை எண்டு தெரியும்தானே."

"நானும் யோசிச்சனான் அம்மா. நீங்கள் சொன்னா உங்களுக்குப் பாரம் இறங்கும். அவவுக்கு ரெண்டு மடங்காப் போகும். தான் எடுக்கேல்லை எண்டதும் கிடக்கும், நீங்கள் செய்ததும் சேரும். பேந்து ஞாயிற்றுக்கிழமையில அவவிட்ட ஆர் வருவினம்?"

"அப்ப நான் இதைக் காவிக்கொண்டே திரியிறதோ?"

"ஓம்" எண்டாள். கோவமாச் சொல்லேல்லை. எனக்குக் குளிருதெண்டு தன்ர சால்வையைக் கழட்டி என்ர கழுத்தில சுத்திவிட்டுக்கொண்டுதான் சொன்னாள். "நானும்தானே காவுறன். நான்தானே அவனிட்ட அந்தக் குறூப்பைக் குடுத்தனான்."

அது எனக்கு அதுவரைக்கும் மண்டைக்க ஏறவே இல்லை, பாருங்கோ. நான் என்னைப் பற்றியே நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறன். என்ர பிள்ளை அவ்வளவு நாளும் அந்தப் பெடியனைத் தூக்கித் தூக்கி நடக்கப் பழக்கினது, நான் என்னவோ அவளுக்கு அவனில விருப்பமாக்கும் எண்டு நினைச்சு, அதுக்கும் ஒரு பயம் பயந்தனான்.

அண்டைக்கு நான் அவளுக்கு ஏதாவது சொல்லியிருக்க வேணும். கப்பல் ஊதிச்சுது, ஏறிட்டன்.

இப்ப அவன் தடியோட நடக்கிறான். மலை இனி இல்லை, டொக்டர் சொல்லிப்போட்டார். துறைமுகத்தில, வாற ஆக்களுக்குப் பேர் பதியிற சின்னக் கடையில இருக்கிறான். மேல பாறையில கயிறு கட்டி ஏறுற ஆக்களை அங்க இருந்து பாத்துக்கொண்டு, வலப்பக்கம் பிடி, இடது காலை வை எண்டு தனக்குள்ள சொல்லிக்கொண்டிருப்பான். நான் ஒருக்காப் பக்கத்தில நிண்டு கேட்டன். பேந்து அந்தப் பக்கத்தால போறதில்லை, மற்ற ஒழுங்கையால சுத்திப் போறனான். ஜொவிற்றா இந்த மாதம்தான் திருப்பித் தண்ணிக்க இறங்கினவள். பாரிஸ் பெடியனுக்கு லண்டனில கலியாணம் ஒப்பேறிட்டுதாம். நல்லா இருக்கட்டும்.

அந்தா, தீவு கிட்ட வந்திட்டுது. வெள்ளையாத் தெரியிறது துறைமுகம். அங்கால நீட்டிக்கொண்டு கிடக்கிறதுதான் அந்த முனை. இப்ப பாக்க எவ்வளவு சாதுவாக் கிடக்கு, என்ன?

நீங்களும் நாளைக்குத் தண்ணியில போறியளோ? கயாக்கிலயோ? அப்ப ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ. வேற ஆரோடயும் போகாதேங்கோ. ஜொவிற்றா எண்டு கேளுங்கோ. காலமை எல்லாரும் கோப்பி குடிக்கேக்க அவள் தனிய நிண்டு கடலைப் பாத்துக்கொண்டு நிப்பாள், அதில கண்டுபிடிக்கலாம். இண்டைக்கு இல்லை எண்டு சொன்னாள் எண்டாக் கோவிக்காதேங்கோ. போனாலும், முனையில நிண்டு பாத்துத் திரும்பு எண்டு சொன்னாள் எண்டாத் திரும்புங்கோ. குகை எங்க போகப் போகுது? அவளுக்குத் தெரியும் பிள்ளை. ஆர் கெஞ்சினாலும் திருப்பிக்கொண்டு வந்திடுவாள். என்ர பிள்ளையோட போன ஒருத்தரும் திரும்பி வராமல் விட்டதில்லை.

என்ன?

இதை அவளிட்டச் சொன்னனானோ எண்டோ கேட்டனீங்கள்?

கப்பல் அணையுது. எழும்புங்கோ, எல்லாரும் இறங்கினாப் பிறகு இறங்குவம். உங்கட பையில ஒண்டை என்னட்டத் தாங்கோ, இல்லையில்லை, தாங்கோ. பாத்துக் காலை வையுங்கோ பிள்ளை. படி ஈரமாக் கிடக்கு.